பிரித்ததை மறுபடி ஓட்டிப் பார்த்தீர்களா?

"இனிமே ஏஐயே பார்த்துப் பிரிச்சிடும்ல? அப்புறம் நீங்க எதுக்கு?" செல்களை வகைவகையாகப் பிரிக்கும் எங்கள் சார்ட்டர் மெஷின் அறையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் போவதில்லை. கிண்டலுக்குக் கேட்பதில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள். நானும் சிரித்து மழுப்பிவிடுவேன். வேலை போய்விடுமோ என்ற பயமெல்லாம் எனக்கு இல்லை. நாசில் என்கிற நுண்துளை முனை அடைத்துக்கொண்டால் அதைக் கழற்றி, ஒலியலையால் கழுவும் சோனிகேட்டரில் போட்டு எடுத்து, மறுபடி மாட்டி, திரவத் தாரை நேராக விழும்வரை தவம் கிடப்பதற்கு ஆள் வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியின் முதல் பாதி மட்டும் ரொம்ப நாளாக உறுத்துகிறது. பார்க்கிறது, சரி. எதைப் பார்க்கிறது? நாம் கேட்டதையா, அதற்குக் கண்ணில் பட்டதையா?

பெங்களூரில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் செல் சார்ட்டர் ஓட்டுவது என் வேலை. உயிரியல் படித்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி; மற்றவர்களுக்காகக் கொஞ்சம். ஐஸ் பெட்டியில் டியூபோடு வருவார்கள். அதை வடிகட்டி மெஷினில் வைத்தால், சுற்றி ஓடும் உப்புக் கரைசல் செல்களை நெருக்கி ஒற்றை வரிசையில் நிறுத்தும். ஒவ்வொரு செல்லும் லேசரைக் கடக்கும். சிதறும் ஒளி எவ்வளவு, ஒட்டியிருக்கும் சாயங்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு மினுங்குகிறது என்று எண்கள் வரும். நாசிலின் அதிர்வில் அந்தத் தாரை துளித்துளியாக உடையும். 70 மைக்ரான் நாசிலில் விநாடிக்கு ஏறக்குறைய 90,000 துளிகள். நமக்கு வேண்டிய செல் இருக்கும் துளிக்கு மட்டும் மின்னூட்டம் கொடுத்தால், சில ஆயிரம் வோல்ட் தகடுகளுக்கு நடுவே விழும்போது அது இடமோ வலமோ வளைந்து தனி டியூபில் போய் விழும். மற்றதெல்லாம் கழிவுக்கு. எந்தத் துளிக்கு மின்னூட்டம் என்று முடிவு செய்வது, திரையில் புள்ளிக் கூட்டத்தைச் சுற்றி நாங்கள் வரையும் கோடு. அதைக் கேட் போடுவது என்போம். கேட்டை எங்கே போடுவது என்பதில்தான் எங்கள் அறையில் பாதிச் சண்டை.

இந்த எண்களுக்கு ஒரு குருட்டுத்தனம் உண்டு. ஒரு செல்லில் ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும், எங்கே இருக்கிறது என்று சொல்லாது. அழற்சியோடு தொடர்புடைய ரெல்ஏ என்ற புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செல் அமைதியாக இருக்கும்போது அது உட்கருவுக்கு வெளியே இருக்கும். சமிக்ஞை வந்ததும் உட்கருவுக்குள் நுழைந்துவிடும். மொத்த அளவு மாறவில்லை, இடம்தான் மாறியது. பழைய சார்ட்டருக்கு இரண்டு செல்லும் ஒன்று. நுண்ணோக்கியில் பார்த்தால் பள்ளிக்கூடப் பையன்கூட வித்தியாசம் சொல்லிவிடுவான், ஆனால் பார்த்த செல்லைத் தனியே எடுத்துத் தருவதற்கு அவனிடம் வழி இல்லை. பார்க்கத் தெரிந்த கருவிக்குப் பிரிக்கத் தெரியாது, பிரிக்கத் தெரிந்ததற்குப் பார்க்கத் தெரியாது என்றே பல பத்தாண்டுகள் ஓடிவிட்டன.

படத்தை விட்டு எண்ணுக்கு, எண்ணை விட்டுப் படத்துக்கு

இந்தத் துறையின் ஆரம்பத்தில் படம் வேண்டாம் என்று முடிவு செய்தவர்களில் ஒருவர் லூயிஸ் காமன்ட்ஸ்கி. ஐபிஎம்மில் அச்செழுத்தைப் படிக்கும் இயந்திரங்களில் வேலை செய்தவர். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கான பாப் ஸ்மியர் சோதனையை இயந்திரமாக்க முடியுமா என்று இறங்கினார். எழுத்தைப் படித்த மாதிரியே செல்லையும் படத்தை வைத்துப் படிக்க அன்றைய கணினிக்குச் சக்தி இல்லை. ஆகவே 1965-இல் அவர் குழு சயன்ஸ் இதழில் வெளியிட்ட கருவி, ஓடும் செல் ஒவ்வொன்றுக்கும் புற ஊதா ஒளியை எவ்வளவு உறிஞ்சியது, கண்ணுக்குத் தெரியும் ஒளியை எவ்வளவு சிதறடித்தது என்ற அளவுகளோடு நிறுத்திக்கொண்டது. சாமர்த்தியமான சமரசம். அந்தச் சமரசத்தின் மேல்தான் என் சம்பளம் நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், இப்போது செல் படங்களைப் பிரிக்கும் நியூரல் நெட்வொர்க்குகளும் எழுத்திலிருந்து வந்தவைதான்: 1980-களின் கடைசியில் பெல் ஆய்வகத்தில் யான் லெகுன் குழு, தபால் உறைகளின் கையெழுத்துப் பின்கோடு எண்களைப் படிக்கப் பயிற்றுவித்த வகையறா.

படத்தைப் பார்த்துப் பிரிப்பதில் சமீபத்தில் மூன்று பாதைகள் போடப்பட்டன. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கெய்சுகே கோடா குழு 2018-இல் செல் இதழில் வெளியிட்டது நேர்வழி: ஓடும் செல்லைப் படம் எடு, நெட்வொர்க்கிடம் கொடு, பதில் வரும்வரை செல்லைக் கண்ணாடிச் சில்லின் நுண்கால்வாயில் ஒழுங்காக ஓடவிடு, பிறகு தள்ளு. படம் எடுத்து முடிவெடுக்க 32 மில்லி விநாடி. விநாடிக்குச் சுமார் 100 செல். ஒற்றைச் செல் பாசிகளையும், இரத்தத்தில் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்ட தட்டணுக்களையும் அப்படிப் பிரித்துக் காட்டினார்கள். விநாடிக்கு ஆயிரக்கணக்கில் ஓட்டிப் பழகிய எங்களுக்கு அது மாட்டுவண்டி வேகம்தான், ஆனால் வண்டி கிளம்பிவிட்டது.

அதே ஆண்டு, அதே பல்கலைக்கழகத்தில் சடாவோ ஓடா குழு சயன்ஸில் வெளியிட்ட இரண்டாவது பாதை என்னைத் தூங்கவிடாமல் செய்த ஒன்று. கோஸ்ட் சைட்டோமெட்ரி என்று பெயர். அதில் படமே இல்லை. ஒழுங்கற்ற புள்ளிகளால் ஆன ஒளிக்கோலத்தின் குறுக்கே செல் கடந்து போகும். செல்லின் எந்தப் பகுதி எந்தப் புள்ளியைத் தொடுகிறதோ அதற்கேற்ப ஒளி ஏறி இறங்கும். ஒரே ஒரு உணரி அந்த ஏற்ற இறக்கத்தை ஓர் அலையாகப் பதிவு செய்யும். அலையிலிருந்து படத்தைத் திரும்பக் கட்டமுடியும். ஆனால் எதற்குக் கட்டவேண்டும் என்று கேட்டார்கள். மனிதர் பார்ப்பதற்குத்தானே படம்? இயந்திரத்துக்கு அலையே போதும் என்று அலையை நேரே, பயிற்றுவித்த கணினி மாடலிடம் கொடுத்தார்கள். அளவில் ஒத்த இரண்டு புற்றுச் செல் வகைகளை, மார்பகத்திலிருந்து வந்த ஒன்றையும் கணையத்திலிருந்து வந்த ஒன்றையும், அலையை வைத்தே பிரித்துவிட்டார்கள். வேகம் விநாடிக்கு ஆயிரங்களில்.

மூன்றாவது, ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தின் ஹைடல்பெர்க் வளாகமும் சார்ட்டர் தயாரிக்கும் பிடி நிறுவனமும் சேர்ந்து 2022 ஜனவரியில் சயன்ஸில் காட்டியது. லேசரைப் பல கதிர்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ரேடியோ அதிர்வெண்ணை அடையாளமாகக் கொடுத்துவிட்டால், ஒரே உணரியில் கலந்து வரும் ஒளியிலிருந்து எது எந்த இடத்திலிருந்து வந்தது என்று பிரித்துப் படமாக்கலாம். விநாடிக்கு 15,000 செல் வரை. மேலே சொன்ன ரெல்ஏ உட்கருவுக்குள் போவதை எந்தெந்த மரபணுக்கள் கட்டுப்படுத்துகின்றன என்று இதை வைத்துத்தான் மரபணுத் தொகுதி முழுக்கத் தேடிப் பார்த்தார்கள். ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டும்: அந்தக் கருவி துளிக்கு மின்னூட்டம் கொடுக்க முடிவெடுப்பது நியூரல் நெட்வொர்க்கால் அல்ல. படத்திலிருந்து கணக்கிட்ட சில அளவுகள், அதாவது ஒளி எவ்வளவு பரவியிருக்கிறது, எவ்வளவு நீள்வட்டம், இரண்டு நிறங்கள் எந்த அளவு ஒரே இடத்தில் விழுகின்றன என்பன போன்றவை, அவற்றின் மேல் மனிதர் போட்ட கேட். செய்தித்தாளில் இது எல்லாமே 'ஏஐ செல் பிரிப்பு' ஆகிவிட்டது. எனக்கு இந்த வேறுபாடு முக்கியம். நீள்வட்டத்தை வைத்துப் பிரித்தேன் என்றால் எதை வைத்துப் பிரித்தேன் என்று எனக்குத் தெரியும்.

இடது டியூபும் வலது டியூபும்

இனி உறுத்தலுக்கு வருகிறேன். எங்கள் கட்டடத்திலும் படம் பிடிக்கும் சார்ட்டர் ஒன்று வந்து சேர்ந்தது. அதில் முதலில் இடம் பிடித்தவர்களில் ஒரு ஆய்வு மாணவி, மதுரைப் பக்கத்துப் பெண். பெயர் வேண்டாம். வெள்ளையணுப் புற்றுச் செல்களுக்கு ஒரு மருந்தைக் கொடுத்தால், சாவதற்கு வெகு முன்பே, எந்தச் சாயமும் போடாமல் வெறும் தோற்றத்தை வைத்து 'இது மருந்துக்கு மசிந்துவிட்டது, இது மசியவில்லை' என்று பிரிக்க முடியுமா என்பது அவளுடைய கேள்வி. நல்ல கேள்வி. பிரித்துவிட்டால், மசியாதவை ஏன் மசியவில்லை என்று உயிரோடு வைத்து விசாரிக்கலாம். மருந்து இல்லாத டியூபை ஓட்டிப் படங்கள் எடுத்தாள். மருந்து நிறையக் கொடுத்த டியூபை ஓட்டிப் படங்கள் எடுத்தாள். இரண்டையும் வைத்து மாடலைப் பயிற்றுவித்தாள். தனியே ஒதுக்கிவைத்த படங்களில் சோதித்தபோது அது தடுமாறவே இல்லை. "அக்கா, இவ்வளவு ஈசியாவா இருக்கும்?" என்று கேட்டாள். அந்தச் சந்தேகத்துக்கே அவளுக்கு ஒரு பட்டம் கொடுக்கலாம்.

அடுத்து, நடுத்தர அளவு மருந்து கொடுத்த டியூப். அதில் மசிந்ததும் மசியாததும் கலந்திருக்கும் என்பது கணக்கு. மாடல் கை காட்டியபடி மசிந்ததாகச் சொன்னவை இடது டியூபுக்கும், மசியாதவை வலது டியூபுக்கும் போயின. பிரித்து முடித்ததும் பிரித்ததில் கொஞ்சம் எடுத்து அதே மெஷினில் மறுபடி ஓட்டிப் பார்ப்பது வழக்கம். ப்யூரிட்டி செக். பெரும்பாலும் எந்த டியூப் நமக்கு வேண்டுமோ அதை மட்டும்தான் ஓட்டுவோம். நேரம் போகிறது, செல் வீணாகிறது, அடுத்த ஆள் வாசலில் ஐஸ் பெட்டியோடு நிற்கிறார். இடது டியூபை ஓட்டினோம். ஏறக்குறைய எல்லாமே மசிந்தவை என்றது மாடல். அருமை. அன்று அடுத்த புக்கிங்காரர் வரவில்லை. சும்மா இருக்கும் நேரத்தில் வலதையும் ஓட்டலாமே என்று வைத்தேன். அதுவும் மசிந்தவை என்றது. மசியாதவை என்று அதே மாடல் சற்றுமுன் ஒதுக்கிய அதே செல்களை.

அவள் முகம் விழுந்துவிட்டது. துளி தவறி விழுந்திருக்கும் என்பதுதான் முதல் சந்தேகம். லேசரைக் கடந்த செல் எத்தனையாவது துளியில் போய் உட்காருகிறது என்ற கணக்கு பிசகினால் இடதுக்குப் போகவேண்டியது எங்கேயோ போகும். சோதனைக்கென்றே இருக்கும் நுண்மணிகளை, அதாவது பீட்ஸை ஓட்டிச் சரிபார்த்தோம், கணக்கு துல்லியமாக இருந்தது. செல்கள் போகவேண்டிய டியூபுக்குத்தான் போயிருந்தன. மாடல்தான் பேச்சை மாற்றியது.

படங்களைத் திரையில் வரிசையாகப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். வெகுநேரம் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு அவள்தான் செல்லின் ஓரத்தைக் காட்டினாள். 'மசிந்தவை' எல்லாவற்றிலும் விளிம்பு வளையம் ஒரு நூல் தடித்து, உள்ளே இருக்கும் மணிமணியான புள்ளிகள் லேசாகக் கரைந்து தெரிந்தன. மருந்தின் வேலை அல்ல அது. ஃபோகஸ். கொஞ்சம் பின்னால் போய் யோசித்தால் எல்லாம் சங்கிலியாக வந்தது. மருந்து நிறையக் கொடுத்த டியூபில் செல்கள் குறைவு. செல் குறைவாக இருந்தால் திரையில் எண்ணிக்கை மெதுவாக ஏறும். எங்கள் அறையில் யாராக இருந்தாலும் அப்போது மாதிரியின் வேகத்தைக் கூட்டுவோம். வேகத்தைக் கூட்டினால் நடுவில் ஓடும் மாதிரித் தாரை தடிக்கும். தாரை தடித்தால் செல்கள் நடுக்கோட்டை விட்டு விலகி ஓடும். விலகி ஓடினால் படம் மங்கும். மாடல் கற்றது அந்த மங்கலை. நடுத்தர டியூபைப் பிரித்தபோது அது ஒதுக்கியது மருந்துக்கு மசிந்தவற்றை அல்ல, தாரையின் ஓரமாக ஓடியவற்றை. பிரித்த டியூப்கள் இரண்டும் உப்புக் கரைசல் கலந்து நீர்த்துப் போயிருந்தன; அவற்றை ஓட்ட வேகத்தை இன்னும் கூட்டியிருந்தோம்; ஆகவே இரண்டுமே மங்கல், இரண்டுமே 'மசிந்தவை'.

சந்தேகம் தீர ஒரு சோதனை செய்தாள். மருந்து இல்லாத செல்களுக்கு மட்டும் தூரச் சிவப்பில் மினுங்கும் ஒரு சாயத்தை அடையாளமாகப் போட்டு, மருந்து கொடுத்ததோடு ஒரே டியூபில் கலந்து ஓட்டினாள். சாயத்தின் நிறத்தை மாடலுக்குக் காட்டவில்லை. ஒரே தாரை, ஒரே வேகம், ஒரே ஃபோகஸ். இனி மாடல் சொல்வதையும் சாயம் சொல்வதையும் ஒப்பிடலாம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் அதே அளவுக்குச் சரியாக வந்திருக்கும்.

எனக்கு இதில் உறுத்தியது மாடல் ஏமாந்தது அல்ல. ஒரு கோணத்தில் அது ஏமாறவும் இல்லை. மருந்தால் செல் குறைந்தது, குறைந்ததால் வேகம் கூடியது, கூடியதால் மங்கியது. மங்கலைப் பார்த்து 'மருந்து' என்றது. துப்பறிவாளர் மூளைதான். உறுத்தியது இடது டியூபின் முடிவு. அதோடு நிறுத்தியிருந்தால், எங்கள் வழக்கமான சோதனையே அதற்கு முத்திரை குத்தி அனுப்பியிருக்கும்.

லாஸ் அலமாஸில் ஒரு தகராறு

அதன்பின் துறையின் பழைய கதைகளைத் தேடிப் படித்தபோதுதான், செல் சார்ட்டர் என்ற பொருள் உருவானதே இப்படி ஒரு தகராறைத் தீர்க்கத்தான் என்று புரிந்தது. கதை கேள்விப்பட்டதுதான், ஆனால் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்து போயிருந்தது.

அணுகுண்டுக்குப் பேர்போன லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் உயிரியல் பிரிவும் உண்டு. 1960-களின் தொடக்கத்தில் அங்கே கூல்ட்டர் எண்ணியில் இரத்தச் சிவப்பணுக்களை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சிறு துளை வழியே செல் கடக்கும்போது மின்தடை மாறும். மாற்றத்தின் அளவு செல்லின் கன அளவைச் சொல்லும். சிவப்பணுக்களை ஓட்டினால் வரைபடத்தில் ஒரு திமிலுக்குப் பதில் இரண்டு திமில் வந்தது. அப்படியானால் சிவப்பணுக்கள் இரண்டு வகை, சிறியது ஒன்று, பெரியது ஒன்று என்று சிலர் நம்பத் தொடங்கினார்கள். அங்கே பொறியாளராக இருந்த மேக் ஃபுல்வைலருக்கு நம்பிக்கை வரவில்லை. வாதம் செய்துகொண்டிருப்பதற்குப் பதில், இரண்டு திமில்களையும் உண்மையிலேயே தனித்தனி டியூபில் பிடித்து மறுபடி ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று நினைத்தார். பிடிப்பதற்கு அன்று கருவி கிடையாது. ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் ஸ்வீட் என்பவர் மைத்துளிகளுக்கு மின்னூட்டம் கொடுத்து வளைத்து எழுதும் முறையை உருவாக்கியிருந்தார், இன்றைய இங்க்ஜெட் அச்சின் மூதாதை. மைக்குப் பதில் செல் இருக்கும் துளி. 1965 நவம்பரில் சயன்ஸ் இதழில் ஃபுல்வைலரின் கட்டுரை வந்தது.

திமில்களுக்கு என்ன ஆயிற்று? சிறியது என்று பிரித்ததை மறுபடி ஓட்டினால் அதிலும் இரண்டு திமில். பெரியது என்று பிரித்ததிலும் இரண்டு திமில். சிவப்பணு தட்டையான வட்டு. துளையில் எந்த வாட்டத்தில் நுழைகிறது என்பதைப் பொறுத்து ஒரே செல் ஒருமுறை பெரிதாகவும் ஒருமுறை சிறிதாகவும் பதிவாகியிருக்கிறது. இரண்டு வகை செல்லும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

அந்த வடிவமைப்பு பிறகு ஸ்டான்ஃபோர்டுக்குப் போய், லென் ஹெர்சன்பெர்க் குழுவின் கையில் ஒளிரும் சாயத்தைப் பார்த்துப் பிரிக்கும் கருவியாகி, நோயெதிர்ப்பியலையே மாற்றி, 2006-இல் அவருக்குக் கியோட்டோ பரிசும் வாங்கிக் கொடுத்தது. அந்த வெற்றியின் வெளிச்சத்தில் சார்ட்டர் என்றால் சுத்தமான செல் தரும் தொழிற்சாலை என்றே எல்லோரும் நினைக்கத் தொடங்கிவிட்டோம். சந்தேகப் பிராணி ஒருவர் தன் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளக் கட்டிய கருவி என்பது பின்னுக்குப் போய்விட்டது. மாடல்கள் கேட் போடும் காலத்தில் எனக்கு ஃபுல்வைலரின் சார்ட்டர்தான் அதிகம் வேண்டியிருக்கிறது. வெறும் படங்களை வகைப்படுத்தும் மென்பொருளிடம் நீங்கள் தோண்டித் துருவி விசாரிக்கலாம், வண்ணப் படம் போட்டு எங்கே பார்த்தது என்று ஊகிக்கலாம். சார்ட்டர் மட்டும்தான் செல்லையே கையில் கொடுக்கிறது.

கோஸ்ட் சைட்டோமெட்ரி தூக்கத்தைக் கெடுத்தது இதனால்தான். அதை நான் குறை சொல்லவில்லை. இந்த மூன்றில் மூளை அதிகம் செலவான வேலை அதுதான். ஆனால் எங்களுக்கு விளிம்பு வளையத்தைப் பார்க்கப் படமாவது இருந்தது. அலையை மட்டும் வைத்துக்கொண்டு எந்த வளையத்தைத் தேடுவது? படத்தைத் திரும்பக் கட்டாதவரை, அங்கே பிரித்த செல்லைத் திரும்பக் கேட்பதைத் தவிர மனிதருக்கு வேறு வழியே இல்லை.

கெடேரி போட்டால்தான் நெசம்

மறுபடி ஓட்டினால் எல்லாம் தெரிந்துவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. ஃபோகஸும் வாட்டமும் அந்தக் கணத்தோடு போகிற விஷயங்கள். செல் அவற்றைக் கூடவே எடுத்துக்கொண்டு போவதில்லை, அதனால்தான் மறுஓட்டத்தில் மாட்டிக்கொண்டன. செல்லோடு ஒட்டிக்கொண்டே போகும் பொய்களும் உண்டு. ஒரு குடுவையில் செல்கள் நெருக்கியடித்து வளர்ந்திருக்கும், மருந்து கொடுத்த குடுவையில் காலியிடம் நிறைய இருந்திருக்கும். நெருக்கடியில் வளர்ந்த செல்லின் தோற்றமே வேறு. மாடல் அதைக் கற்றுக்கொண்டு பிரித்தால், இடதும் வலதும் எத்தனை முறை ஓட்டினாலும் மாறாமல் வரும். ப்யூரிட்டி பிரமாதமாக இருக்கும். கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தம் இருக்காது. இதற்கு வேறு சாட்சி வேண்டும். மாடல் பார்க்காத, மாடலோடு பேசி வைத்துக்கொள்ளாத சாட்சி.

ஈரோடு பக்கம் மாடு வைத்திருக்கும் என் மாமாவிடம் ஒருமுறை என் வேலையை விளக்க முயன்றபோது அவர் சட்டென்று, "ஏங்கண்ணு, அந்தக் கெடேரி ஊசி இந்த மெசின்லதான் பண்றாங்களா?" என்றார். அதேதான். பாலினம் பிரித்த விந்து சார்ட்டரில்தான் தயாராகிறது. காளையின் விந்தணுக்களில் எக்ஸ் குரோமோசோம் உள்ளதில் ஒய் உள்ளதைவிட டிஎன்ஏ ஏறக்குறைய 3.8 சதவீதம்தான் அதிகம். டிஎன்ஏவில் ஒட்டும் சாயத்தைப் போட்டு அந்த நூலிழை வித்தியாசத்தைப் பார்த்துப் பிரிக்கவேண்டும். இங்கேயும் ஃபுல்வைலரின் பழைய பூதம் வந்து நிற்கும்: விந்தணுவின் தலை தட்டையானது, முகம் காட்டி வந்தால் ஓர் ஒளி, விளிம்பு காட்டி வந்தால் அதைவிடப் பிரகாசம். எக்ஸுக்கும் ஒய்யுக்கும் உள்ள வித்தியாசத்தை அது விழுங்கிவிடும். ஆகவே ஒரே வாட்டத்தில் வரவைப்பதற்கென்றே மாதிரியை உள்ளே செலுத்தும் ஊசிக்குழாயின் நுனியைச் சரிவாகச் செதுக்கினார்கள். திரும்பி வந்தவற்றைத் தள்ளிவிட இன்னோர் உணரி வைத்தார்கள். அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் லாரன்ஸ் ஜான்சன் குழு 1989-இல் முயல்களில் செய்து காட்டியபோது எக்ஸ் பக்கம் 94 சதவீதம் பெட்டைக் குட்டி, ஒய் பக்கம் 81 சதவீதம் கடுவன். அவர்கள் சாட்சிக்கு அழைத்தது குட்டிகளை. லேசருக்கும் கேட்டுக்கும் என்ன தெரிந்தது என்பது குட்டிக்குத் தெரியாது.

மாடுகளுக்கு வரும் ஊசியில் 90 சதவீதம் கெடேரி என்பது பொதுவான கணக்கு. மாமாவுக்கு முதல் ஊசியில் காளைக் கன்று. "நூத்துக்குப் பத்து தப்பும்னு சொன்னியே, அந்தப் பத்துல ஒண்ணு நம்ம கொட்டாய்க்குன்னு எழுதியிருக்குது" என்று அலுத்துக்கொண்டார். அடுத்த ஈத்துக்கும் அதே ஊசிதான் போட்டார். எங்கள் துறையில் இவ்வளவு கறாரான, விலை போகாத சோதனையாளரை நான் பார்த்ததில்லை.

மாணவியின் விஷயத்தில் கன்றுக்கு நிகராக எதைக் கேட்பது என்று எங்கள் தளத்தில் ஒரு வாரம் பேச்சாக ஓடியது. அதில் கணினிப் பக்கத்திலிருந்து வந்த நண்பர் ஒருவர் கேட்டதற்கு என்னிடம் இன்னும் முழுப் பதில் இல்லை. "சரிபார்க்க உங்ககிட்ட வேற வழி இருந்தா, மாடல் எதுக்குங்க? சாயம் இல்லாத இடத்துலதானே இதையே கொண்டுவர்றோம்?" நியாயமான கேள்வி. அடையாளச் சாயமே இல்லாத செல்லைத் தேடும்போது சாட்சிக்குச் சாயத்தைக் கூப்பிடு என்பது சாத்தியமில்லாத நிபந்தனை. என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: எல்லாச் செல்லையும் சரிபார்க்கும் சாட்சி வேண்டாம், மெதுவான, விலைகூடிய, செல்லைக் கொன்றே பதில் சொல்லும் சாட்சியாக இருந்தாலும் சரி, சிலவற்றை மட்டும் அதனிடம் அனுப்பினால் போதும். வளர்த்துப் பார்க்கலாம், ஆர்என்ஏவைப் படிக்கலாம். அவர் பாதி ஒப்புக்கொண்டார். மிக அரிதான செல்கள், ஒரு டியூபுக்குப் பத்தோ பதினைந்தோதான் கிடைக்கும் என்றால்? அங்கே அவர் பக்கம்தான் பலம். அப்படிப்பட்ட இடங்களில் மாடலை நம்பிப் பந்தயம் கட்டுவது தவிர வேறில்லை, பந்தயம் என்று தெரிந்து கட்டவேண்டும் என்பேன்.

அவள் எல்லாவற்றையும் திரும்பச் செய்தாள். டியூப்களில் செல் அடர்த்தியைச் சமப்படுத்தி, வேகத்தை ஒரே இடத்தில் கட்டிப்போட்டு, அடையாளச் சாயம் போட்டுக் கலந்தே ஓட்டி, அந்தப் படங்களில் மாடலைப் பயிற்றுவித்தாள். பழைய பளபளப்பு போய்விட்டது. இப்போது மாடல் நிறையத் தடுமாறுகிறது. ஆனால் மிஞ்சியது மறுஓட்டத்தில் நிற்கிறது, இரண்டு டியூபிலும். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரு குழிக்கு ஒரு செல்லாக 96 குழித் தட்டுகளில் போட்டு, மருந்தை நீக்கி, எது வளர்கிறது என்று பார்ப்பது அவள் தேர்ந்தெடுத்த கன்று. அவளுடைய மேற்பார்வையாளருக்கு இத்தனை மாதம் கழித்து மதிப்பெண் குறைந்த மாடலைக் காட்டினால் எப்படியிருக்கும் என்று கேட்காதீர்கள்.

என் பங்குக்கு, சார்ட்டர் புக்கிங் படிவத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: மாடலை வைத்துப் பிரிப்பவர்கள், பிரித்த செல்களை அந்த மாடல் பார்க்காத எந்த முறையில் சோதிப்பார்கள் என்று எழுதவேண்டும். பாதிப் பேர் 'ப்யூரிட்டி செக்' என்று எழுதி அனுப்புகிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு, வேண்டாத டியூபையும் சேர்த்து ஓட்டச் சொல்கிறேன். அதற்கு அரை மணி நேரம் கூடுதலாகப் பில்லில் ஏறுகிறது. அதைப் பற்றி மேலே புகார் போயிருக்கிறது என்று கேள்வி.